பின்மூடிக்குள் ஒரு கீறல்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வரும். அந்தக் காலத்தில் பிள்ளைகள் நாமெல்லாம் எப்படி அடக்க ஒடுக்கமாக இருந்தோம், பெரியவர்கள் முன்னால் பொய் சொல்ல நா எழும்புமா என்று. நானும் தலையை ஆட்டிக்கொண்டு பஜ்ஜியைக் கடித்திருக்கிறேன். இனிமேல் ஆட்டுவதாக இல்லை. எனக்கு நா எழும்பியது. பத்து வயதில், பட்டப்பகலில், கடை நிறைய ஆட்கள் நிற்க, ஒரே ஒரு சொல் சொன்னேன். இதை எழுதினால் மனப்பாரம் இறங்கும் என்று யாரோ சொல்வார்கள். இறங்காது, எனக்குத் தெரியும். கேட்பதற்கு நீங்கள் நாலு பேர் மிச்சம் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கிங்ஸ் சர்க்கிளில் இருந்து பூ மார்க்கெட் பக்கம் திரும்புகிற தெருவில் எங்கள் கடை இருந்தது. பாதி நகைக்கடை, பாதி கடிகாரக் கடை. பலகையின் இடது ஓரத்தில் ஓர் அட்டிகை, வலது ஓரத்தில் ஒரு கடிகாரம். வரைந்தவன் முள்ளைப் பத்து மணி பத்து நிமிஷத்தில் நிறுத்தியிருந்தான். "உங்க கடையில எப்பவும் பத்து பத்துதானா?" என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

கடையைத் தொடங்கியது அப்பாவின் தாத்தா. திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து ஒரு பெட்டி நிறைய அரமும் சுத்தியலுமாக வந்து, தாராவியில் தோல் கிடங்குகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்தவர். தோல் வேலைக்கு வந்த நம் பக்கத்து ஜனங்களின் பெண்டுகளுக்கு மூக்குத்தியும் கம்மலும் அடித்துக் கொடுத்தார். 'தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்' என்று ஊர் சொல்கிற பழமொழி உங்களுக்குத் தெரியும். பெற்ற தாய் கொடுத்த தங்கத்திலும் ஒரு சிட்டிகை திருடாமல் விடமாட்டானாம் எங்கள் ஜாதி. அந்தச் சொல் தன் வாசலில் விழக்கூடாது என்று அவர் ஒரு வழக்கம் வைத்தார். தங்கம் எந்த ரூபத்தில் கடைக்குள் வந்தாலும் கொடுத்தவர் கண் முன்னால் நிறுத்து, எடையைச் சீட்டில் எழுதி, அந்தச் சீட்டைப் பொருளோடேயே கட்டி வைப்பது. திருப்பிக் கொடுக்கும்போதும் அவர் கண் முன்னால் நிறுப்பது. தாத்தா காலத்தில் கடை மாட்டுங்காவுக்கு வந்தது, தராசும் வழக்கமும் கூடவே வந்தன. அரசாங்கம் கிராம் கல்லைக் கொண்டுவந்து கொடுத்த பிறகும், அப்பாவின் கை பழைய கல்லுக்கும் குன்றிமணிக்கும்தான் போகும். கிராம் கல் பெட்டியோடு இன்ஸ்பெக்டருக்காகக் காத்திருக்கும்.

கடிகாரத்தைக் கொண்டுவந்தவர் தாத்தா. "லோக்கல் ரயில் ஓடுத ஊருல கடியாரம் நின்னா மனுசனுக்கு வேல போயிரும்லா" என்பாராம். கோட்டைப் பக்கம் ஒரு பார்சிக்காரர் கடையில் வேலை பழகிய பையன் ஒருவனை, நம் ஆட்களிலேயே தேடிப் பிடித்து, ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தார். அப்புறம் தன் மகளையும் கொடுத்தார். அவர்தான் என் மாமா, அத்தையின் வீட்டுக்காரர்.

நகை வேலைக்கு இருட்டு வேண்டும், நெருப்பின் நிறம் அப்போதுதான் தெரியும். கடிகார வேலைக்கு வெளிச்சம் வேண்டும். அதனால் கடையின் உள்பாதியில் கரியும் பற்றவைக்கிற வெங்காரமும் மணக்க நாலு பேர் பட்டறையில் குனிந்திருப்பார்கள். வாசல் பாதியில், ஜன்னல் வெயிலில், பென்சின் வாடையோடு மாமா தனியாக இருப்பார். வலது கண்ணில் ஒரு கறுப்புக் குழல், அதன் நுனியில் லென்ஸ். கையால் பிடிக்காமல் கண்குழியிலேயே இடுக்கிக்கொண்டு இருப்பார். கழற்றினால் கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு சிவந்த தடம் தெரியும். பேச்சு குறைவு. கடிகாரத்தின் உள்ளே வாயால் ஊதமாட்டார், எச்சில் ஈரம் படுமாம். ரப்பர் குமிழ் ஒன்றை அழுத்தி அழுத்தித் தூசியை விரட்டுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அங்கேதான் போய் நிற்பேன். வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது, அம்மா பால் குடிக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோவாள்.

ஒருநாள் லென்ஸை என் கண்ணில் வைத்து ஒரு கைக்கடிகாரத்தின் பின்மூடியைக் காட்டினார். மூடியின் உள்பக்கம் வெறும் கண்ணுக்கு நாலு கீறல்தான். லென்ஸுக்குள் பார்த்தால் எழுத்து. தேதி, அதன் கீழே 'ஸ்பிரிங் புதுசு'.

"யார் எழுதினா மாமா?"

"நாந்தான். ஊசியால."

"எதுக்கு?"

"நாளைக்கு இது யாரு கைக்குப் போவும்னு யாரு கண்டா? தொறக்கிறவனுக்கு, இதுக்கு முன்னால என்ன சீக்குன்னு தெரியணும்லா பாப்பா. எல்லாக் கடியாரக்காரனும் செய்யுததுதான்."

அப்பாவுக்கு இது தெரியாது. கடிகாரத்தின் உள்ளே எட்டிப் பார்த்தவரே இல்லை அவர். தங்கக் கூடாக இருந்தால் நிறுத்துக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. பட்டறை ஆட்களுக்கும் தெரியாது. அந்தக் கடையில் அந்தக் கீறல் என்னவென்று மாமாவைத் தவிர்த்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கத்துக்குச் சட்டம் வந்த வருஷம் அது. பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. நம் பெண்டுகள் பதினாலு காரட்டைக் கையால் தொடுவார்களா? பித்தளை என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார்கள். நாலு பட்டறை இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. மூத்த பத்தர், "தந்தாவே பந்த் ஆயிட்டு அண்ணாச்சி, தொழிலே நின்னு போச்சு, நான் தாராவியில மச்சான் கூடக் கோரப்பாய்க் கடையில நிக்கப் போறேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, தன் ஊதுகுழலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அப்பா வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, அணைந்த உலையின் முன்னால் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்து பழகாத மனுஷன். வருகிறவர்கள் எல்லாம் ஜன்னலோடு நின்று மாமாவிடம் பேசிவிட்டுப் போனார்கள். "மாப்பிள்ள ஜன்னல்ல ஒரே கூட்டம், நம்ம பக்கம் ஈ கூட இல்ல" என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு நல்லதில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது நான் அதையே பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்தேன்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு முன்னால் ஒரு மாமி வந்தாள். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்துக் காலமானவரின் மனைவி. புடவைத் தலைப்பில் முடிந்து ஒரு பாக்கெட் கடிகாரம் கொண்டுவந்தாள். தங்கக் கூடு. முதுகில் சுற்றிலும் சின்னச் சின்ன இலைகளாகக் கொடி செதுக்கியிருந்தது, இலை நடுவில் எல்லாம் கறுப்பு ஏறியிருந்தது.

"இது அவரோடது. பொண்ணுக்குத் தலை தீபாவளி வரது, மாப்பிள்ளைக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். ஓடிண்டிருக்கணும், அவ்வளவுதான். மத்தபடி எதையும் தொட வேண்டாம்."

அப்பா கடிகாரத்தை அப்படியே தராசில் வைத்து, மாமி கண் முன்னால் நிறுத்து, சீட்டு எழுதிக் கட்டினார். மாமா மூன்று நாளில் அதை ஓடவிட்டு, தன் மேசை ஆணியில் மாட்டினார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். சாயங்காலத்துக்குள் கடையைக் கழுவி விட வேண்டும். பித்தளைச் சாமான்கள் என் பொறுப்பு. குத்துவிளக்கு, மணி, தட்டு எல்லாவற்றையும் பின்கட்டுக் குழாயடியில் போட்டு, புளியும் செங்கல் பொடியும் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். விளக்கு பளபளவென்று வந்தது. அம்மா, "எம்மா, தங்கமாட்டும் ஆக்கிட்டியே!" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலை கால் புரியவில்லை. எல்லாருடைய ஆயுதமும் பூஜைக்குத் தயார், மாமாவுடையது மட்டும் அழுக்கா என்று பட்டது. மாமா பொரிகடலையும் பூவும் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். ஆணியில் அந்தக் கடிகாரம் தொங்கியது, இலையெல்லாம் கறுப்பாக.

வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைத்தேன். அவருக்காகத்தான் செய்தேன். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

சீட்டை அவிழ்த்து வைத்துவிட்டு, புளியைப் பூசி, செங்கல் பொடியை வைத்து அரக்கினேன். கறுப்பு போகவில்லை, இன்னும் அழுத்தினேன். கறுப்பு போயிற்று, கொஞ்சம் இலையும் போயிற்று. குழாயில் காட்டிக் கழுவினேன். ஆமாம், கடிகாரத்தை, குழாயில். பாவாடையில் துடைத்துக் காதில் வைத்தால் சத்தம் இல்லை. சீட்டை மறுபடி கட்டி, ஆணியில் மாட்டிவிட்டு, விளக்குக்குப் பொட்டு வைக்க ஓடிவிட்டேன்.

மாமா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பூஜைக்குப் போட்ட பூவெல்லாம் எடுத்த பிறகு, இரண்டு நாள் அந்தக் கடிகாரத்தை மறுபடி பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் போகவில்லை. தலைவலி என்றேன், பரீட்சை என்றேன். மூன்றாம் நாள் கடிகாரம் ஆணியில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாடா, தீர்ந்தது என்று பால் குடித்தேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் மாமி வந்தாள். அன்று அத்தையும் கடையில் இருந்தாள். அத்தைக்கு ஏழாம் மாசம். தீபாவளி கழிந்து எங்கள் வீட்டில் வளைகாப்பு. சட்டம் வருவதற்கு முன்னாலேயே அப்பா தங்கைக்காகத் தன் கையால் ஒரு ஜோடி வளையல் அடித்து வைத்திருந்தார். அதைப் போட்டுப் பார்க்கத்தான் அத்தை வந்திருந்தாள்.

மாமி கடிகாரத்தைக் கையில் வாங்கித் திருப்பினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இலையெல்லாம் எங்கே?"

அப்பா எழுந்து வந்தார்.

"நன்னா மூக்கும் முழியுமா இருந்ததே. தேய்ச்சாப்ல இருக்கே இப்போ. எதையும் தொட வேண்டாம்னுதானே சொன்னேன்?"

அப்பா தராசை எடுத்தார். நிறுத்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி நிறுத்தார். இரண்டு குன்றிமணி குறைந்தது. உங்களுக்கு இரண்டு குன்றிமணி ஒன்றுமில்லை. எங்கள் கடையில், மூன்று தலைமுறையில், ஒரு பொருள் எடை குறைந்து வாசல் தாண்டியதில்லை.

மாமி சத்தம் போடவில்லை. தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்: "தாய்ப் பொன்னுலயும் மாப்பொன்னுன்னு சொல்றது சும்மா இல்லே."

அப்பாவின் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தேன். கடிகாரத்தின் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்தார். முதல் தடவையாகத் திறக்கிறார். உள்பக்கம் வெயிலில் பளிச்சென்று கீறல்கள் தெரிந்தன. தங்க வேலைக்காரன் கண்ணுக்குத் தங்கத்தின் மேல் கீறல் என்றால் ஒரே அர்த்தம்தான்.

"என்ன மாப்பிள்ள இது?"

"என் குறி அத்தான். பாத்த வேலய எழுதி வைக்கது. எந்தக் கடியாரத்தத் தொறந்தாலும் இருக்கும்."

"எல்லாத்துலயுமா?"

"ஆமா. எல்லாத்துலயும்."

"அப்பம் எல்லாத்துலயும் சுரண்டியிருக்கீரு வே!"

தங்கை மாப்பிள்ளையை அப்பா அதுவரை 'நீங்க' என்றுதான் பேசுவார். 'வே' என்ற அந்த ஒற்றை எழுத்தைக் கேட்டதும் அத்தை கையில் இருந்த வளையலை மேசை மேல் வைத்துவிட்டாள்.

மாமா கண்ணில் இருந்து லென்ஸை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "இத வச்சு வாசிச்சுப் பாருங்க அத்தான். அப்புறம் பேசுங்க."

"உம்ம கண்ணாடி எனக்கெதுக்கு? தங்கம் பாக்க எங்கண்ணு போதும்."

மாமா லென்ஸை மேசையில் வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். நான் உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்தச் சிவந்த வட்டம் கண்ணைச் சுற்றி இருந்தது. கோபமே இல்லாமல்தான் கேட்டார்.

"வேற யாராச்சும் இதத் தொட்டாவளா பாப்பா?"

கடை முழுக்க என்னைப் பார்த்தது. அப்பா, அத்தை, மாமி, பட்டறையில் மிஞ்சியிருந்த ஒரே பத்தர். அப்பாவின் இடுப்பில் பெல்ட் இருந்தது. அந்த வருஷம் அது அடிக்கடி கழன்றது.

"இல்ல" என்றேன்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமா கடிகாரத்தின் மூடியைச் சாத்தி, அப்பா முன்னால் வைத்துவிட்டு, தன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். ரப்பர் குமிழ், பென்சின் குப்பி, பிரஷ், கண்ணாடி மூடி.

தப்பை ஒத்துக்கொள்ள எனக்குப் பயம், சரி. ஆனால் 'அது எழுத்துப்பா, நான் லென்ஸ் வச்சுப் பாத்திருக்கேன்' என்று அதை மட்டுமாவது சொல்லியிருக்கலாமே. அதற்கு யாரும் பெல்ட்டைக் கழற்றியிருக்க மாட்டார்கள். அதைக்கூடச் சொல்லவில்லை. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றும் வாயில் இருந்து வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மாமி அந்தக் கடிகாரத்தை வாங்க மறுத்துவிட்டாள். குறைபட்ட பொருளை மாப்பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது என்றாள். அப்பா தன் விரலில் கிடந்த மோதிரத்தோடு இன்னொன்றும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார். கடிகாரத்தைச் சிவப்புத் துணியில் சுற்றி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "திருட்டுக்குச் சாட்சி இது, இங்கனயே கெடக்கட்டும்" என்றார்.

அத்தையும் மாமாவும் ரயிலில் தொலைவாக இருந்த பாண்டுப்புக்குக் குடிபோனார்கள். ஸ்டேஷன் பக்கம் ஒரு மருந்துக்கடை வாசலில், ஒரு மேசை போடுகிற அளவு இடம் கிடைத்ததாம். வளைகாப்பு நடக்கவில்லை. பிறந்த வீட்டு வளையல் போடாமலே அத்தை பிள்ளை பெற்றாள். 'தட்டான் புத்தி' என்று மாட்டுங்காவில் பேச்சு பரவியதால், கோட்டைப் பக்கத்துப் பெரிய கடைகள் மாமாவைச் சேர்க்கவில்லை. எங்கள் ஜன்னலில் வேறொரு ஆள் வந்து உட்கார்ந்தான். வாயால் ஊதுகிற ஆள். மாமா எடுத்துக்கொள்ளாமல் விட்டுப்போன லென்ஸை யாரும் தேடவில்லை, அது அன்று சாயங்காலமே என் பென்சில் பெட்டிக்கு வந்துவிட்டது. ஏன் எடுத்தேன் என்று தெரியாது. அதை வைத்து நான் எதையும் பார்த்ததில்லை.

என் கல்யாணத்துக்கு நானேதான் பாண்டுப்புக்குப் போய்ப் பத்திரிகை வைத்தேன். அப்பா போகமாட்டார், அம்மாவுக்குத் துணிச்சல் இல்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, பேங்கில் வேலை, கையில் சொந்தக் கடிகாரம். ஒற்றைக் கோலி, மொத்தமே ஓர் அறைதான் வீடு. மாமா தலை நரைத்திருந்தார். என் கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக் காதில் வைத்துப் பார்த்து, "நல்லா ஓடுது" என்று திருப்பிக் கொடுத்தார். கிளம்பும்போது வாசல் வரை வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேற ஏதாச்சும் சொல்லணுமா பாப்பா?"

"கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் கண்டிப்பா வந்திரணும் மாமா" என்றேன்.

தலையை ஆட்டினார். வரவில்லை. பத்து வருஷம் கழித்து அவர் போய்ச் சேர்ந்தபோது அப்பா பாண்டுப்புக்குப் போகவில்லை, "கள்ளன் சாவுக்கு நான் எதுக்கு" என்றார். நான் போய் மாலை போட்டேன். நன்றாக அழுதேன்கூட. பக்கத்தில் இருந்தவர்கள், மச்சான் மகளுக்கு எவ்வளவு பாசம் பாரு என்றார்கள். அப்புறம் அப்பாவும் அதே நினைப்போடு போய்ச் சேர்ந்தார். நினைப்பை மாற்றி அனுப்ப எனக்கு எத்தனை நாள் இருந்தது! ஒவ்வொரு நாளும் மருந்து கொடுத்தேன், மாத்திரை கொடுத்தேன், அதை மட்டும் கொடுக்கவில்லை.

போன வருஷம் தம்பி கடையை விட்டுவிட்டான். இரும்புப் பெட்டியைக் காலி செய்யும்போது என்னைக் கூப்பிட்டான். அடித்தட்டில் அந்த வளையல் ஜோடி. அதன் பக்கத்தில் சிவப்புத் துணி. கடிகாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பின்மூடியைத் திறந்தேன். பென்சில் பெட்டி எப்போதோ போய்விட்டது, லென்ஸ் இருந்தது. கண்ணில் இடுக்கிக்கொண்டேன்.

இரண்டு வரி. ஒரு தேதி, 'சுத்தம், எண்ணெய்'. ஆயுத பூஜைக்கு முந்தின வாரத்துத் தேதி. அதன் கீழே, ஒன்பது நாள் கழித்து இன்னொரு தேதி. 'தண்ணி, செங்கல் பொடி. திரும்பச் சுத்தம்.'

அப்பா அன்று அந்த லென்ஸை வாங்கிப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் விளங்கியிருக்கும். பூஜைக்கு முந்தின நாள் அந்தக் கடையில் செங்கல் பொடி யார் கையில் இருந்தது என்று கேட்கக்கூட வேண்டாம். அவர் பார்க்கவில்லை. நானோ பார்க்காமலே தெரிந்தவள். மாமா எழுதிவைத்ததும் எனக்குத்தான் தெரியும், எழுதவேண்டி வந்ததும் என்னால்தான்.

மறுநாளே பாண்டுப்புக்குப் போனேன். அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது, கண்தான் மங்கல். மகன் வீடு, நாலாவது மாடி. வளையலை எடுத்து மடியில் வைத்தேன். தடவிப் பார்த்து, "இது எனக்கு எதுக்குட்டி இப்பம்" என்று ஓரமாகத் தள்ளினாள். கடிகாரத்தைக் கொடுத்தேன். என்னவென்று சொல்லவேண்டிய அவசியமே இல்லை. விரலால் முதுகைத் தடவி, அழிந்துபோன இலையைத் தேடினாள்.

"உள்ள எழுதியிருக்காவளா?"

"ஆமா அத்த."

"வாசி."

லென்ஸை வைத்து வாசித்தேன். சுத்தம், எண்ணெய். தண்ணி, செங்கல் பொடி. திரும்பச் சுத்தம்.

"இன்னொருக்க வாசி."

வாசித்தேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, புளி, நார், குழாய், எல்லாவற்றையும். அத்தை முகத்தில் ஆச்சரியமே இல்லை. மருமகள் காப்பியை வைத்துவிட்டுப் போன பிறகு சொன்னாள்.

"அன்னைக்கே சொல்லிட்டாரு எங்கிட்ட. 'ஒங்க அண்ணன் இருக்க இருப்புல புள்ளய அடிச்சுக் கொன்னுருவாரு, நான் சொல்லமாட்டேன். புள்ள பயந்துட்டு, நாளைக்கு அதுவா சொல்லும்'னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"நான் அப்பம் சின்னப் புள்ள அத்த."

"பத்து வயசுப் புள்ளய யாருட்டி கேட்டா?" குரல் உயரவே இல்லை. "அத அவரு அன்னைக்கே மன்னிச்சாச்சு. நீ கல்யாணப் பத்திரிக குடுக்க வந்தியே, அன்னைக்கு உனக்கு என்ன வயசு?"

"இருபத்திரெண்டு" என்றேன்.

"நீ வாரன்னு லெட்டர் போட்டிருந்த. அன்னைக்கு மேச போடவே போவல மனுசன். வேட்டி மாத்திட்டுக் காலைல இருந்து ஒக்காந்திருந்தாரு. நீ படி எறங்கிப் போனதும் உள்ள வந்தாரு. நான் என்னன்னு பாத்தேன். 'இன்னைக்கும் இல்ல'ன்னாரு. அவ்வளவுதான். அதுக்குப் பொறவு சாவுற வர அந்தப் பேச்ச எடுக்கல."

அத்தை கடிகாரத்தின் மூடியைச் சாத்தி, முந்தானையில் முடிந்துகொண்டாள். காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. குடித்துவிட்டுப் போ என்றாள். குடித்தேன்.